நாற்பத்தாறாவது பாகை

என் விளையாட்டில் ஒரு தபால்காரி.
குன்றேறிக் கடிதம் கொடுப்பாள், அவ்வளவுதான் கதை.
வல்பராய்சோவில் பிறந்தவள்
வேறென்ன விளையாட்டு செய்வேன்.
தட்டையான தரை இங்கே துறைமுகத்தில் மட்டும்,
அதுவும் கம்பெனிக்காரனுடையது.

நாற்பத்தைந்து பாகைச் சரிவுவரை ஒழுங்காக நடக்கிறாள்.
நாற்பத்தாறில்
கால் தரையைத் தேடுகிறது
தரை காலைத் தேடுகிறது
சந்திப்பதில்லை.
கடிதப் பையோடு பூமிக்குள் போய்விடுகிறாள்.
கீழே ஒன்றுமில்லை, சாம்பல் நிறம்.
நான் நிறுத்தும்வரை விழுந்துகொண்டே இருப்பாள்.

ஐந்து மாதம் விழுந்தாள்.
பகலில் பல் மருத்துவமனையில் ரசீது போட்டேன்,
இரவில் அவளை விழவைத்தேன்.

நிபால்டோவிடம் கேட்டிருக்கலாம்.
பரோன் குன்றில் இருக்கிறான்,
இரண்டு விஞ்ச் ரயில் தூரம்.
அவன் விளையாட்டில் ஆடுகள்.
செங்குத்துப் பாறையில் ஓர் ஆடு சும்மா நிற்கும் காட்சியை
முப்பது தடவை பார்த்திருப்பேன்,
குளம்பை மட்டும்.
கேட்கவில்லை.
இருவரும் ஒரே அரசு நிதிக்கு எழுதிப்போட்டிருந்தோம்,
கொடுப்பது ஒருவருக்கு.
என் மூடுபனியை நானும் யாருக்கும் காட்டியதில்லை.
பழைய மடிக்கணினிக்கும் மூச்சு வாங்காமல்
கடலிலிருந்து படிப்படியாய் ஏறிவரும் பனி அது.
அந்தக் கோப்புக்கு
‘பழைய வரிக்கணக்கு’ என்று பெயர் வைத்திருந்தேன்,
யாரும் திறக்கமாட்டார்கள்.

நிதி இருவருக்கும் இல்லை.
கான்செப்சியோனில் யாரோ செய்த பெங்குவினுக்குப் போனது.

அந்த வெள்ளிக்கிழமை
மூடிக்கிடக்கும் பூட்டுக்கடை மாடிக்கு
யெசேனியா கூப்பிட்டாள், ஒலி செய்கிறவள்.
எனக்கும் அவள்தான், அவனுக்கும் அவள்தான்,
அன்றுதான் தெரியும்.
தபால்காரி கதவு தட்டுவதும்
ஆட்டுக் குளம்பும்
ஒரே மேசை, ஒரே விரல் மோதிரம்.

“எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்காராதீர்கள்.
ஓடாததைத் திறந்து காட்டுங்கள்.
ஓடுவதை யார் கேட்டது.”

ஆறு பேர் பார்க்க
தபால்காரியை விழவைத்தேன்.
அழுக்குத் துணி மூட்டையை
நடுக்கூடத்தில் அவிழ்த்தது போலிருந்தது.
நிபால்டோ சிரிக்கவில்லை.
திரையருகே குனிந்து,
இன்னொரு தடவை, என்றான்.
இன்னொரு தடவை.
பிறகு பையிலிருந்து ஒரு நோட்டு,
ஈரத்தில் ஊறி உலர்ந்து உப்பியது:
ஆடுகள் விழுந்த விதம், தேதிவாரியாக.
பக்கத்துக்கு ஓர் ஆடு. நூற்றுப் பன்னிரண்டு.

“ஒரு கோட்டை விட்டுத் தரையைத் தேடுகிறாய்.
நானும் அப்படித்தான், எழுபதாவது ஆடுவரை.
கோடு ஊசி மாதிரி, இடுக்கில் போய்விடும்.
பந்தை விட்டுப் பார்.”

விட்டேன்.
அவள் காலடியில்
கண்ணுக்குத் தெரியாத பந்து ஒன்று இறங்கி
தரை எங்கே என்று தொட்டுச் சொன்னது.
நின்றாள்.
நாற்பத்தாறில். ஐம்பதில்.
ஐம்பத்தெட்டில் விழுந்தாள், அது வேறு பிழை.

நன்றி என்று சொல்லவில்லை.
முதலில் வந்தது கோபம்தான்.
இவ்வளவுதானா,
ஐந்து மாத இரவுக்கு
ஒரு பந்தா,
அதுவும் இரண்டு விஞ்ச் தூரத்தில்.
யெசேனியா ஜன்னலைத் திறந்தாள்.
கீழே பாரந்தூக்கிகள் விளக்கோடு நகர்ந்தன.
யாரோ ரொட்டி வாங்கப் போனார்கள்.

வரிக்கணக்கைத் திறந்து
அவன் பாறையின் அடிவாரத்தில் வைத்தேன்.
பனி ஏறியது.
ஆடுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன,
கடைசியாகக் கொம்பு.
“என் ஆடு தெரியவில்லையே.”
“அதுதான் பனி.”
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
அடர்த்தியைக் குறைப்பது எந்த வரியில் என்று காட்டினேன்,
அவன் குறைக்கவில்லை.

மூலையில் மாட்டியாஸ் என்றொரு பையன்,
மூன்று வெள்ளிக்கிழமையாக வருகிறானாம்,
கணினியை இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை.
அன்று எடுத்தான்.
மின்கம்பி எட்டவில்லை,
என்னுடையதைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

விஞ்ச் நின்றுவிட்டது, நடந்துதான் ஏற வேண்டும்.
கிளம்பும்போது நோட்டைக் கேட்டு வாங்கி
நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தில் எழுதினேன்:
தபால்காரி. ஐம்பத்தெட்டு பாகை.
காரணம் தெரியவில்லை.